கிரால் நீச்சலைக் கண்டுபிடித்தவர் யார்?

ஒரு கல்லூரி மாணவர் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார். ஃப்ரீஸ்டைல் என்றால் இஷ்டப்படி நீந்தலாம் என்கிறார்களே, பிறகு ஏன் எட்டுப் பேரும் ஒரே மாதிரி கை போடுகிறார்கள்? இந்தக் கிரால் முறையை ஆஸ்திரேலியாவின் ரிச்சர்ட் கேவில் கண்டுபிடித்தார் என்று படித்தேன், உண்மையா? 1896 ஒலிம்பிக்கில் ஆல்ஃபிரட் ஹாயோஷ் 100 மீட்டரை 1 நிமிடம் 22.2 விநாடியில் நீந்தித் தங்கம் வாங்கினார். இன்றைக்குப் பயிற்சி எடுக்கும் பள்ளிப் பிள்ளைகளே அதைவிட வேகமாக நீந்துகிறார்களே, அந்தக் காலத்து வீரர்கள் அவ்வளவு மெதுவா?

மூன்றும் நல்ல கேள்விகள். பல வருடங்களாகப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுப்பவன் என்பதால் இந்த வரலாற்றை ஆசையோடு தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதல் கேள்விக்குப் பதில் சுருக்கம். ஃப்ரீஸ்டைல் என்பது நீச்சல் முறையின் பெயர் அல்ல, போட்டி விதியின் பெயர். எப்படி வேண்டுமானாலும் நீந்தலாம், முதலில் போய்ச் சேர்ந்தால் போதும். தனி ஃப்ரீஸ்டைல் போட்டியில் இன்றும் ஒருவர் மார்பு நீச்சல் அடித்தாலோ மல்லாந்து நீந்தினாலோ தடையில்லை, தோற்றுப்போவார், அவ்வளவுதான். எது மிக வேகமோ அதையே எல்லாரும் எடுத்துக்கொள்வதால் எட்டு லேனிலும் கிரால் தெரிகிறது. மற்ற நீச்சல்களுக்குத்தான் பாதுகாப்பு தேவைப்பட்டது. கைகளை வெளியே வீசி நீந்தும் முறைகள் வேகம் பிடித்தபின், மார்பு நீச்சலுக்கும் மல்லாந்த நீச்சலுக்கும் தனிப் போட்டி வைக்காவிட்டால் அவை களத்திலிருந்தே காணாமல் போயிருக்கும். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்லாந்த நீச்சலும், 1904 செயின்ட் லூயிஸில் மார்பு நீச்சலும் தனியாக வந்தன. பட்டர்ஃபிளை ரொம்பப் பின்னால், 1956-இல்தான் தனிப் போட்டியாக ஒலிம்பிக்கில் நுழைந்தது.

சரி, கேவில் விஷயத்துக்கு வருவோம். இங்கேதான் நான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிராலை யாரும் கண்டுபிடிக்கவில்லை. பசிபிக் தீவுகளிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் மக்கள் ஒரு கைக்குப் பின் மறு கையைத் தலைக்கு மேலே வீசிப் போட்டு நெடுங்காலமாக நீந்திவந்தார்கள். ஐரோப்பியர்கள் அதைக் கண்ணால் பார்த்தும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1844-இல் லண்டனில் நடந்தது அதற்கு நல்ல சாட்சி. வட அமெரிக்காவின் ஒஜிப்வே இனத்தைச் சேர்ந்த இருவர் அங்கே ஒரு நீச்சல் குளத்தில் போட்டி போட்டார்கள். பறக்கும் கடற்பறவை என்று பொருள்படும் பெயர் கொண்டவர் 130 அடி நீளத்தை 30 விநாடியில் கடந்து வென்றார். காற்றாலையின் இறக்கை போலக் கை சுழல்கிறது, காலால் தண்ணீரை அடிக்கிறார்கள் என்று அன்றைய வர்ணனை சொல்கிறது. ஆங்கிலேயர்களுக்கு அது முரட்டுத்தனமாக, நாகரிகத்துக்குப் பொருந்தாததாகத் தெரிந்தது. தண்ணீர் தெறிக்காமல், தலையை உயர்த்தி, தவளை போல நீந்துவதே முறை என்று பழைய வழியிலேயே போய்விட்டார்கள்.

மார்பு நீச்சல் ஏன் மெதுவானது என்பதை நீங்களே குளத்தில் இறங்கிப் பார்க்கலாம். இரண்டு கைகளையும் பின்னால் இழுத்த பிறகு மறுபடி முன்னால் கொண்டுவர வேண்டும். அந்தத் திரும்பல் முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே நடக்கிறது. தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தி கொண்டது. சம்பாதித்ததில் ஒரு பங்கைக் கையே திருப்பிக் கொடுத்துவிடுகிறது. கால்களை மடக்கும்போது இன்னொரு பங்கு போகிறது. கையை வெளியே எடுத்துக் காற்றின் வழியே முன்னால் கொண்டுவந்தால் இந்த நஷ்டம் பெரும்பாலும் இல்லை. ஒரு கை திரும்பும்போது மறு கை இழுத்துக்கொண்டிருப்பதால் வேகம் அறுபடாமலும் இருக்கிறது.

இங்கிலாந்துக்காரர்கள் இதைப் படிப்படியாகத்தான் ஏற்றார்கள். முதலில் ஒருக்களித்து நீந்தினார்கள். அப்புறம் அதில் ஒரு கையை மட்டும் வெளியே எடுத்தார்கள். 1873-இல் ஜான் ட்ரட்ஜன் என்பவர் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி வெளியே வீசி லண்டனில் நீந்திக் காட்டினார். தென் அமெரிக்காவில் இருந்தபோது அங்கிருந்த பூர்வகுடிகளிடம் அவர் கற்றது அது. ஆனால் கைகள் மாறினவே தவிர, கால்கள் பழைய மாதிரியே விரிந்து மூடின. பின்னால் வந்தவர்கள் அதைக் கத்தரி போல வெட்டும் உதையாக மாற்றினார்கள். ஒவ்வொரு உதைக்கும் உடம்பு முன்னால் எகிறும், பிறகு தளரும். இந்த ட்ரட்ஜன் முறைதான் 1900 வாக்கில் ஃப்ரீஸ்டைல் போட்டிகளை ஆண்டது.

அதே காலத்தில் சிட்னியில் அலிக் விக்கம் என்ற சிறுவன் இருந்தான். சாலமன் தீவுகளில் பிறந்தவன். தந்தை ஆங்கிலேய வணிகர், தாய் அந்தத் தீவைச் சேர்ந்தவர். படிப்புக்காக அவனைச் சிட்னிக்கு அனுப்பியிருந்தார்கள். பிரான்டி கடற்கரைக் குளத்தில் அவன் நீந்திய விதம் பார்த்தவர்களை நிறுத்திவைத்தது. தலையை உயர்த்தி, கைகளைக் குறுக்கி வேகமாகப் போட்டு, கால்களை மேலும் கீழும் அடித்தான். 'அந்தப் பையன் தவழ்கிற மாதிரி போகிறானே' என்று ஒரு பயிற்சியாளர் வியந்ததால்தான் தவழ்தல் என்று பொருள்படும் கிரால் என்ற பெயர் வந்ததாக ஒரு கதை உண்டு. அந்தப் பேச்சை நான் கதையாகத்தான் வைத்துக்கொள்கிறேன். ஆனால் விக்கம் நீந்தியதும், சிட்னி நீச்சல்காரர்கள் அதைப் பார்த்ததும் உண்மை.

கேவில் குடும்பமும் சிட்னியில்தான் இருந்தது. தந்தை ஃப்ரெடரிக் கேவில் 1879-இல் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வந்து நீச்சல் கற்றுக்கொடுத்தவர். பிள்ளைகள் எல்லாரும் தண்ணீரிலேயே வளர்ந்தார்கள். அவர்களில் ரிச்சர்ட் கேவில் இந்த முறையைப் பந்தயத்தில் பழகி, 1902-இல் இங்கிலாந்துக்குப் போய் 100 கெஜத்தை 1 நிமிடத்துக்குள் நீந்தினார். அவருடைய அண்ணன் சிட் கேவில், சமோவாவில் ஒரு பெண் இப்படி நீந்தியதைப் பார்த்துத்தான் தாம் கற்றதாகச் சொல்லியிருக்கிறார். கேவில்களின் கதையிலேயேகூட மூலம் ஒரு தீவுப் பெண்ணிடம் இருக்கிறது, பாருங்கள். ரிச்சர்டின் பெருமை சிறியதல்ல. எல்லாரும் ட்ரட்ஜன் அடித்துக்கொண்டிருந்தபோது துணிந்து இதைப் பந்தயத்தில் இறக்கி, கடிகாரத்தின் முன்னால் நிரூபித்தார். அதைக் கண்டுபிடிப்பு என்று எழுதும்போது விக்கமும் அந்தச் சமோவாப் பெண்ணும் மறைந்துபோகிறார்கள். அதுதான் எனக்கு வருத்தம்.

சிட்னி கிராலில் ஒரு குறை இருந்தது. கால் முழங்காலிலிருந்து மடங்கி, ஒரு கைக்கு ஒரு அடி என்ற கணக்கில் விழுந்தது. மூச்சு எடுப்பதற்கும் ஒழுங்கு இல்லை. 100 கெஜத்துக்குத் தாக்குப்பிடிக்கும், அதற்கு மேல் ஆள் ஓய்ந்துவிடுவார். இந்த இடத்தில் அமெரிக்கர்கள் வந்தார்கள். நியூயார்க் அத்லெட்டிக் கிளப்பின் சார்லஸ் டேனியல்ஸும், லூயிஸ் ஹேண்ட்லி போன்ற அவருடைய கிளப் நண்பர்களும் உதையை இடுப்பிலிருந்து தொடங்கவைத்தார்கள். கணுக்கால் தளர்ந்து, துடிப்பு மாதிரி சிறிய அடிகள் விழுந்தன. கைகளின் ஒரு முழுச் சுற்றுக்கு ஆறு அடி. இடுப்பு மேலே மிதந்தது, உடம்பு நேராக நின்றது. டேனியல்ஸ் 1904-இல் 220 கெஜம், 440 கெஜம் இரண்டையும் வென்றார். 1908 லண்டனில் 100 மீட்டரை 1 நிமிடம் 5.6 விநாடியில் முடித்து உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். இன்று நாம் பிள்ளைகளிடம் 'முட்டியை மடக்காதே, இடுப்பிலிருந்து அடி' என்று கத்துகிறோமே, அந்தப் பாடம் எழுதப்பட்டது இந்தச் சில வருடங்களில்தான்.

அப்புறம் ஹவாய். 1911 ஆகஸ்ட் 11. ஹொனலுலு துறைமுகத்தில் இரண்டு கப்பல் துறைகளுக்கு நடுவே கயிறு கட்டி ஒரு போட்டி. டியூக் கஹானமோக்கு என்ற ஹவாய்ப் பூர்வகுடி இளைஞர், 21 வயது நிரம்பச் சில நாள் இருக்கும்போது, 100 கெஜத்தை 55.4 விநாடியில் நீந்தினார். டேனியல்ஸ் பெயரில் இருந்த சாதனையைவிட 4.6 விநாடி குறைவு என்று செய்தி பரவியது. விநாடியின் பத்தில் ஒரு பங்குக்காக வருடக்கணக்கில் உழைக்கும் விளையாட்டில் இது எவ்வளவு பெரிய தாவல் என்று சொல்லத் தேவையில்லை. செய்தி போனதும் அமெரிக்க அமெச்சூர் விளையாட்டுச் சங்கம் நம்பவில்லை. கடிகாரம் சரியில்லை என்றார்கள். நீரோட்டம் தள்ளியிருக்கும் என்றார்கள். சாதனையை ஏற்க மறுத்துவிட்டார்கள். 1844-இல் லண்டன் பார்த்தும் ஒதுக்கியது. 1911-இல் அமெரிக்கா பார்க்காமலே ஒதுக்கியது. எனக்கு இந்த இரண்டும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள்.

டியூக் மறு வருடமே ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பதில் சொன்னார். ஆனால் அந்தப் பதில் நடக்காமலே போயிருக்கும். ஏதோ குழப்பத்தில் அமெரிக்க வீரர்கள் 100 மீட்டர் அரையிறுதிக்கு வந்து சேரவில்லை. விதிப்படி அவர்கள் கதை அங்கேயே முடிந்தது. அவர்கள் இல்லாவிட்டால் தங்கத்துக்கு மிக அருகில் இருந்தவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் சிசில் ஹீலி. அவர்தான் அமெரிக்கர்களுக்கு இன்னொரு வாய்ப்புத் தர வேண்டும் என்று வாதாடினார். தனியாக ஓர் அரையிறுதி நடத்தினார்கள். டியூக் அதில் 1 நிமிடம் 2.4 விநாடியில் வந்தார். இறுதியில் 1 நிமிடம் 3.4 விநாடியில் தங்கம். ஹீலிக்கு வெள்ளி. தொடர் நீச்சலில் ஹீலிக்கு ஒரு தங்கம் கிடைத்தது என்பது எனக்கு ஆறுதல். 1918 ஆகஸ்ட் 29 அன்று பிரான்ஸின் போர்முனையில், மோன் சான் கான்தான் அருகே அவர் கொல்லப்பட்டார். வயது 36.

இதுவரை சொன்னது குறுந்தூரம். நெடுந்தூரத்தில் ட்ரட்ஜன் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. 1912-இல் 400 மீட்டரையும் 1500 மீட்டரையும் வென்ற கனடாவின் ஜார்ஜ் ஹாட்ஜ்சன் ட்ரட்ஜன்தான் நீந்தினார். 1500 மீட்டருக்கு அவர் எடுத்த 22 நிமிடம், 1923-இல் சுவீடனின் ஆர்னே போர்க் முறியடிக்கும் வரை உலக சாதனையாக நின்றது.

அவருக்கு முந்தைய நெடுந்தூர வீரர் ஹென்றி டெய்லர். அவரைப் பற்றி நான்கு வரி எழுதாமல் போக மனம் வரவில்லை. இங்கிலாந்தில் ஓல்டாம் பக்கம் பிறந்தவர். பெற்றோரை இழந்து அண்ணன் கையில் வளர்ந்தார். சிறு வயதிலேயே பஞ்சாலை வேலை. ஆலையில் சாப்பாட்டு நேரம் விட்டால் ஓடிப்போய்க் கால்வாயில் நீந்துவார். அந்தக் காலத்து ஊர்க் குளங்களில் தண்ணீரைச் சுத்திகரிக்கும் வசதி கிடையாது. சில நாளுக்கு ஒருமுறை முழுவதும் வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார்கள். வடிக்கப்போகும் நாளில் தண்ணீர் கலங்கி அழுக்காக இருக்கும், கட்டணமும் குறைவு. டெய்லர் அந்த அழுக்குத் தண்ணீர் நாளில்தான் குளத்துக்குப் போவார். அப்படிப் பயிற்சி எடுத்தவர் 1908 லண்டனில் 400 மீட்டர், 1500 மீட்டர், 4×200 மீட்டர் தொடர் நீச்சல் என மூன்று தங்கம் வாங்கினார். தொடர் நீச்சலின் கடைசிச் சுற்றில் ஹங்கேரியின் ஸோல்டான் ஹால்மாய் முன்னணியில் இருந்தார். திடீரெனச் சோர்ந்து தடுமாற, டெய்லர் அவரைக் கடந்து வென்றார். ஒரே ஒலிம்பிக்கில் மூன்று தங்கம் வாங்கிய இன்னொரு பிரிட்டிஷ் வீரர் வருவதற்கு 100 வருடம் ஆயிற்று, 2008-இல் சைக்கிள் வீரர் கிறிஸ் ஹோய். டெய்லர் கடைசிக் காலத்தில் ஒரு நீச்சல் குளத்தில் உதவியாளராக வேலை பார்த்து, 1951-இல் இறந்தார்.

கிரால் நெடுந்தூரத்துக்கும் ஆகும் என்பதை உலகமே ஏற்கவைத்தவர் ஜானி வைஸ்முல்லர். 1922-இல் 100 மீட்டரை 58.6 விநாடியில் முடித்து, 1 நிமிடத்துக்குள் நீந்திய முதல் மனிதரானார். 1924 பாரிஸில் 100 மீட்டர், 400 மீட்டர் இரண்டும் அவருக்கே. அந்த 100 மீட்டரில் வெள்ளி வாங்கியவர் டியூக், 34 வயதை நெருங்கும்போது. வெண்கலம் டியூக்கின் தம்பி சாமுவேல்.

இனி மூன்றாவது கேள்வி. ஹாயோஷ் மெதுவானவரா?

அவர் நீந்தியது குளத்தில் அல்ல. ஏதென்ஸுக்குப் பக்கத்தில் பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய ஸேயா விரிகுடாவில், ஏப்ரல் மாதக் கடலில். தண்ணீர் 13 டிகிரி செல்சியஸ் அளவில் இருந்தது. இன்றைய போட்டிக் குளங்கள் 25 முதல் 28 டிகிரி வரை வைக்கப்படுகின்றன. 13 டிகிரியில் முதல் சில விநாடிகள் மூச்சே பிடிபடாது, விரல்கள் மரத்துவிடும். ஹாயோஷ் உடம்பு முழுக்கக் கொழுப்பைப் பூசிக்கொண்டு இறங்கினார். 1200 மீட்டர் போட்டிக்கு வீரர்களைப் படகில் கொண்டுபோய்க் கடலில் விட்டுவிட்டார்கள், கரைக்கு நீந்தி வர வேண்டும். ஜெயிக்கும் ஆசையைவிட உயிர் பிழைக்கும் ஆசைதான் அன்று பெரிதாக இருந்தது என்று அவரே பின்னாளில் சொன்னார். அவருடைய தந்தை டான்யூப் ஆற்றில் மூழ்கி இறந்தபோது ஹாயோஷுக்கு வயது 13. அதன் பிறகு நீச்சல் கற்றவர் அவர் என்பதை நினைத்துக்கொண்டு அந்தப் பந்தயத்தைப் பாருங்கள்.

அந்தக் காலத்து நேரக் கணக்குகளை அப்படியே ஒப்பிட முடியாது என்பதற்கு 1900 பாரிஸ் இன்னும் நல்ல உதாரணம். போட்டி நடந்தது சீன் நதியில், நீரோட்டத்தோடு. ஆஸ்திரேலியாவின் ஃப்ரெடி லேன் 200 மீட்டரை 2 நிமிடம் 25.2 விநாடியில் முடித்தார். நான்கு வருடம் கழித்து, செயின்ட் லூயிஸின் செயற்கை ஏரியில், கிட்டத்தட்ட அதே தூரமான 220 கெஜத்துக்கு டேனியல்ஸ் எடுத்தது 2 நிமிடம் 44.2 விநாடி. டேனியல்ஸ் மோசமான வீரரா? இல்லை, லேனுக்கு ஆறு தோள் கொடுத்தது. முடிவைத் தீர்மானிப்பதும் கண்ணால் பார்த்துத்தான். 1904-இல் 50 கெஜப் போட்டியில் ஹால்மாய் முதலில் தொட்டதாக ஒரு பக்கம், அமெரிக்காவின் ஸ்காட் லியரி தொட்டதாக ஒரு நடுவர் இன்னொரு பக்கம். சச்சரவு முற்றி, இருவரையும் மறுபடி நீந்தவைத்தார்கள். ஹால்மாய் மறுபடியும் வென்றார்.

1908-இல்தான் லண்டனில் ஓட்டப் பந்தய மைதானத்தின் நடுவே 100 மீட்டர் நீளத்துக்கு ஒரு குளம் கட்டினார்கள். அதே வருடம், அதே ஊரில், ஜூலை 19 அன்று எட்டு நாடுகளின் சங்கங்கள் கூடிச் சர்வதேச நீச்சல் சம்மேளனத்தைத் தொடங்கின. எது சாதனை, எந்த நீளக் குளத்தில், யார் நேரம் எடுக்க வேண்டும் என்ற பொது விதிகள் அதன் பிறகே உருவாயின. ஆனால் 1912-இல் மறுபடி கடல் விரிகுடா. 50 மீட்டர் குளமும், லேன் பிரித்த தண்ணீரும் ஒலிம்பிக்குக்கு வந்தது 1924-இல், பாரிஸின் டூரெல் குளத்தில். நின்ற நீர், தெளிந்த நீர், நேர்கோடு எல்லாம் கிடைத்த பிறகு வந்த நேரங்களைத்தான் நம் காலத்தோடு கொஞ்சமாவது பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு எண். 1912-இல்தான் பெண்களுக்கு ஒலிம்பிக் நீச்சலில் இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் ஃபேனி டியூராக், மீனா வைலி இருவரும் அங்கே போய்ச் சேர்ந்ததே ஒரு போராட்டம். ஆண்கள் பார்க்கும் இடத்தில் பெண்கள் போட்டியிடக் கூடாது என்பது அவர்கள் மாநிலப் பெண்கள் நீச்சல் சங்கத்தின் விதி. பொதுமக்கள் கேள்வி கேட்டு, விதியைத் தளர்த்தவைத்து, செலவுக்குப் பணம் திரட்டி அனுப்பினார்கள். விதி தளர்ந்ததை ஏற்காமல் சங்கத்தின் தலைவி ரோஸ் ஸ்காட் பதவி விலகினார். அமெரிக்கா அந்த வருடம் நீச்சலுக்கு ஒரு பெண்ணைக்கூட அனுப்பவில்லை. டியூராக் ட்ரட்ஜனை விட்டுக் கிராலுக்கு மாறியிருந்தார். முதல் சுற்றிலேயே 1 நிமிடம் 19.8 விநாடியில் உலக சாதனை. இறுதிப் போட்டியில் தங்கம், வைலிக்கு வெள்ளி. அந்த இறுதியில் டியூராக்கின் நேரம் 1 நிமிடம் 22.2 விநாடி. 16 வருடத்துக்கு முன் ஸேயா விரிகுடாவில் ஹாயோஷ் எடுத்த அதே நேரம், பத்தில் ஒரு பங்கு விநாடிகூட மாறாமல்.

ஹாயோஷ் பின்னாளில் கட்டடக் கலைஞர் ஆனார். புடாபெஸ்டின் மார்கரெட் தீவில் 1930-இல் திறந்த உள்ளரங்க நீச்சல் குளத்துக்கு வரைபடம் போட்டவர் அவர்தான். அந்தக் குளம் இப்போது அவர் பெயரில் இருக்கிறது.